தோட்ட நிருவாகமும் தொழிற்சட்டமும்: மடுல்சீமைப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

பதுளையிலிருந்து பசறை வழியாக மேலேறும் பாதை மடுல்சீமையைச் சென்றடைகிறது. ரோபேரி, பட்டாவத்தை, கொக்காகலை முதலிய தோட்டங்கள் இப்பிரதேசத்தைச் சேர்ந்தவை. இங்கு ஒருவருக்கு வேலை கொடுப்பவரே அவருக்கு வீடும் கொடுப்பவராக இருக்கிறார். குழந்தையைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவும் மருந்தகமும் அதே நிருவாகத்தின் எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளன. ஆகவே, நகரத்து அலுவலகமொன்றில் வெறும் சம்பளப் பிரச்சினையாக முடியும் விடயம் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் இருப்பையே தொட்டுவிடுகிறது. தோட்ட நிருவாகத்தின் முன் அடிக்கடி எழும் தொழிற்சட்ட வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குச் சட்டம் கூறும் விடை யாது என்பதை விளக்குவதே எமது நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

தோட்டத் தொழிலுறவின் சட்ட வரலாறு தண்டனையிலேயே தொடங்குகிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், சொல்லாமல் வேலையைவிட்டுச் சென்றவரைச் சிறையிலிடவும் இடமளித்தது. 1889இன் 13ஆம் இலக்கத் தோட்டத் தொழிலாளர் (இந்திய) கட்டளைச் சட்டம் தொழிலாளியின் சேவையை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாக வரையறுத்தது. கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1927இன் 27ஆம் இலக்கச் சட்டம் ஆகக்குறைந்த சம்பளத்தை முதன்முதலாக நிலைநாட்டியது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்சம்பளமாயின. சட்டமே எழுதிவைத்த இந்த ஆண் பெண் வேறுபாடு நீங்க 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உரிமைகள் யாவும் மேலிருந்து அருளப்பட்டவை என்று கருதிவிடலாகாது. 1940இல் ஊவாத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்த அலையும், பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிந்து நிருவாகத்தோடு பேசியமையும் இவ்வரலாற்றின் பகுதிகளே. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மடுல்சீமையின் பெயரையே தாங்கிய கம்பனியும் அவற்றுள் ஒன்றாகும். தொழில்தருநர் மாறினர், லயம் மாறவில்லை.

தொழிலாளி எனப்படுபவர் யார்?

முதல் வினா இதுவே. கொழுந்து பறிப்பவரைக் ‘கைக்காசு’ முறையிலோ, தேயிலை நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்து விளைச்சலுக்கேற்பப் பணம் கொடுக்கும் முறையிலோ வேலைக்கமர்த்தினால் அவர் தொழிலாளி அல்லர் ஆகிவிடுவாரா? 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் தரும் வரைவிலக்கணம் மிக விரிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருப்பினும் வாய்மொழியாக இருப்பினும், ஒருவர் தாமே நேரிற் செய்துமுடிக்கும் வேலைக்கான ஒப்பந்தமும் அதனுள் அடங்கும். கொழுந்தை எங்கே நிறுப்பது, எவருக்கு விற்பது, எந்நாளிற் பறிப்பது என்பவற்றை நிருவாகமே தீர்மானிக்குமாயின், தாளில் எழுதப்பட்ட பெயர் எதுவாயினும் உறவின் தன்மையே நோக்கப்படும். புதிய முறைகளைப் புகுத்தும் நிருவாகம் சேமலாப நிதிக் கடப்பாட்டிலிருந்து தான் விடுபட்டுவிட்டதாக எண்ணுதல் ஆபத்தானது.

சம்பளமும் நிறையும்

தோட்ட வழக்கில் ஒரு நாட்சம்பளம் ‘பேர்’ எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிடின் ‘அரைப்பேர்’ போடும் வழக்கம் நெடுநாளையது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சபை நிர்ணயித்த ஆகக்குறைந்த சம்பளத்திற் குறைத்துக் கொடுத்தல் குற்றமாகும். தொழிலாளி அதற்கு உடன்பட்டிருந்தாலும் அவ்வுடன்பாடு செல்லாது.

பல ஆண்டுகளாக நாட்சம்பளமும் நிறை பற்றிய ஏற்பாடுகளும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டன. கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தின் கீழ் அத்தகைய ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்திலும் அடங்கியனவாகக் கொள்ளப்படும். 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபாப் படியும் சேர்ந்து 1000 ரூபா விதிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ரூபாவாக உயர்த்தி, மேலும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசே வழங்குமென முன்மொழிந்தது.

இங்கே தோன்றிய வெற்றிடம் கவனிக்கத்தக்கது. சம்பளத்தை வர்த்தமானி கூறுகிறது. நிறையை யார் கூறுவது? 2021இன் பின்னர் நிறை உயர்த்தப்பட்டதென்றும் வேலைநாட்கள் குறைக்கப்பட்டனவென்றும் பல பகுதிகளிலிருந்தும் முறைப்பாடுகள் எழுந்தன. நிறையை ஒருதலையாக உயர்த்தி, முழுநாள் வேலைசெய்தவருக்கு அரைப்பேர் போடுதல், உயர்த்திய சம்பளத்தை மறுகையாற் பறிப்பதற்கு ஒப்பாகும். அது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது என்பதே எமது கருத்து.

வேலைநீக்கம்

தோட்டத்துரை பற்றுச்சீட்டைக் கொடுத்தால் விவகாரம் முடிந்தது என்ற காலம் சென்றுவிட்டது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமன்றி வேறெக்காரணத்தாலும் ஒருவரை நீக்குவதாயின் அவரது எழுத்துமூலமான சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன்னனுமதி வேண்டும். நட்டம், ஆட்குறைப்பு, தோட்டப் பிரிவை மூடுதல் ஆகியன இதனுள் அடங்கும். கடந்த 12 மாதங்களில் 180 நாட்களுக்குக் குறைவாகச் சேவைசெய்தவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. வேலைநாட்களைக் குறைத்து வழங்கும் வழக்கம் ஏன் ஆராயப்பட வேண்டியது என்பது இதனாற் புலனாகும்.

ஒழுக்காற்றுக் காரணத்தால் நீக்கும்போதும் அக்காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் அறிவித்தல் கட்டாயம். பாதிக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் எவ்வாறு கூறினும், நீதியும் நியாயமுமெனத் தோன்றும் கட்டளையை அச்சபை வழங்க முடியும். முறையான விசாரணை நடத்தாது, குற்றச்சாட்டைப் பிரட்டுக்களத்தில் வாய்மொழியாகக் கூறி ஒருவரை நிறுத்திய நிருவாகம் அச்சபையின் முன் காட்டுவதற்கு ஓர் ஏடும் இன்றி நிற்க நேரிடும். மறுபுறத்தில், தலைவர் பேசிப் பார்ப்பார் என்று காத்திருந்தே ஆறு மாதங்களையும் இழந்துவிடும் தொழிலாளியின் நிலை அதனினும் இரங்கத்தக்கது.

வீடு

வேலை போனால் லயக் காம்பராவும் போகுமா? 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்ட விடுதிகள் (சிறப்பேற்பாடுகள்) சட்டம் இதற்கு விடையளிக்கிறது. நீதிமன்றக் கட்டளையின்றித் தோட்ட விடுதியிலிருந்து எவரையும் வெளியேற்ற முடியாது. கூரைத் தகரத்தைக் கழற்றுதல், தண்ணீரை நிறுத்துதல் போன்ற மறைமுக வழிகளும் இச்சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானவையே.

பணிக்கொடையும் சேமலாப நிதியும்

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாதோர் வேலைசெய்யும் தோட்டத்தில் ஐந்து வருட சேவை பூர்த்தியானவருக்கு, சேவை எவ்விதம் முடிவுற்றாலும், 30 நாட்களுக்குள் பணிக்கொடை வழங்கப்படல் வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட்சம்பளம் கணிக்கப்படும். 1350 ரூபா நாட்சம்பளத்துடன் 30 வருட சேவையை முடித்த ஒருவருக்கு இது 567,000 ரூபாவாகும். தாமதத்துக்கேற்ப 10 முதல் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும். மோசடி, வேண்டுமென்றே விளைவித்த சேதம் போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டவரிடமிருந்து மாத்திரம், அதுவும் நட்டத்தின் அளவுக்கே, பணிக்கொடையைப் பிடித்துவைக்கலாம். ‘காம்பராவை விட்டபின் காசு’ என்று நிபந்தனை விதிக்க இதில் இடமில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்துகிறார். தொழிலாளியின் பங்கைச் சம்பளத்திற் கழித்துவிட்டு நிதிக்குச் செலுத்தாது விடுதல் பாரதூரமான குற்றமாகும். அரச நிருவாகத்திலுள்ள தோட்டங்களிலேயே இத்தகைய நிலுவைகள் குவிந்தமை பாராளுமன்றக் குழுக்களின் முன்வரை சென்றது.

பணம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருந்தாலும் இன்னொரு தடை எழுவதுண்டு. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஆவணங்களுக்காகக் காத்திருந்த ஒரு சமூகத்தில் இது வியப்பன்று. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தப் பதுளைக்கு ஒருமுறை சென்றுவந்தால் ஒரு நாட்பேர் போய்விடும். சேவையின் தொடக்கத்திலேயே பெயரைச் சரிபார்த்துப் பதிதல் நிருவாகத்துக்குச் சிறு வேலை. தொழிலாளிக்கோ அது முதுமைக் காலத்துச் சோறு.

பெண் தொழிலாளரும் சங்கமும்

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டதன் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை உரியதாகும். மகப்பேற்றைக் காரணங்காட்டி வேலைநீக்கஞ் செய்தல் தடுக்கப்பட்டுள்ளது. 2021இல் வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்ந்தது.

சங்கங்களைப் பொறுத்தவரை, 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் முக்கியமானது. வேலைத்தலத்தில் 40 வீதத்துக்குக் குறையாத தொழிலாளரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுத்தல் முறையற்ற தொழில் நடவடிக்கையாகும். அங்கத்தவராயிருப்பதைக் காரணமாக்கி ஒருவரை நீக்குதலும் அவ்வாறே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தோட்டத் தொழிலாளியைப் பாதுகாக்கும் சட்டங்கள் எண்ணிக்கையிற் குறைந்தவையல்ல என்பது தெளிவாகும். குறை அவற்றை அடையும் வழியிலேயே உள்ளது. சட்டத்தை அறிந்த நிருவாகமும் அறியாத தொழிலாளியும் எதிரெதிரே நிற்கையில், எழுதப்பட்ட உரிமை ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. சட்டப்படி நடக்க விரும்பும் நிருவாகிக்கும் இந்நிலை நன்மையன்று. விளக்கப்படாத முடிவு சந்தேகத்தையும், சந்தேகம் வேலைநிறுத்தத்தையும் வளர்க்கின்றன.

ஆகவே மூன்று விடயங்களை வலியுறுத்துகிறோம். ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் நடைமுறையிலுள்ள சம்பளத் தீர்மானமும் நிறையும் தமிழில் எழுதித் தொங்கவிடப்படல் வேண்டும். சேவை விபரமும் சேமலாப நிதிக் கணக்கும் வருடத்துக்கொருமுறை தொழிலாளியின் கையிற் கொடுக்கப்படல் வேண்டும். தொழில் திணைக்கள அலுவலர் குறித்த நாட்களில் மடுல்சீமை போன்ற தொலைவிடங்களுக்கே வந்து முறைப்பாடுகளைப் பதிதல் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இச்சட்டங்களை எளிய தமிழில் எழுதித் தோட்டப் பிரிவுகளுக்குக் கொண்டுசெல்லும் பணியிற் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் பங்கேற்பாராயின், தாம் கற்ற மொழிக்கும் தம்மை அனுப்பிவைத்த மலைகளுக்கும் ஒருங்கே கடன் தீர்த்தவராவர்.