மடியும்போதே முறியும் கடல்தரை

1933 மார்ச் 3, நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. ஜப்பானின் வடகிழக்கே சன்ரிக்கு கரையோர ஊர்கள் குலுங்கின. குலுக்கலால் பெரிய சேதமில்லை. அரை மணி நேரத்தில் கடல் வந்தது. ரியோரி என்ற இடத்தில் அலை 28.7 மீட்டர் உயரம்வரை ஏறியது. இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பேர்.

இரண்டு புவித்தட்டுகள் உரசும் இடத்தில் பிறந்த நடுக்கமல்ல அது. பசிபிக் தட்டு ஜப்பான் அகழி என்னும் ஆழ்கடல் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே, அதன் உடம்புக்குள் பிறந்தது.

காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து வளைத்துப் பாருங்கள். வளைவின் மேல்பக்கம்தான் முதலில் வெடிக்கும். பசிபிக் தட்டின் கதையும் இதுதான். ஏறத்தாழ 13 கோடி ஆண்டு வயதான, குளிர்ந்து இறுகிய பாறை அது. ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் மேற்கே நகர்ந்து வந்து, அகழியை நெருங்கியதும் கீழ்நோக்கி வளைகிறது. மேற்பரப்பு இழுபட்டு அகழிக்கு இணையாக நீளநீளமாகப் பிளக்கிறது. பிளவுகளுக்கு இடையே சில பட்டைகள் தாழ்கின்றன, சில மேடாக நிற்கின்றன. சில நூறு மீட்டர் உயரப் படிகள், ஒன்றன்பின் ஒன்றாக. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இப்படியொரு படித்துறை இருப்பதைக் கடல்தரை வரைபடத்தில் முதன்முதலாகப் பார்ப்பவர் வியக்காமல் இருக்க முடியாது.

அகழியின் மறுகரையில், ஜப்பான் பக்கம், இழுவிசை இல்லை, நெருக்குவிசை. 2011 மார்ச் 11 அன்று அங்கே ஒன்றோடொன்று இறுகியிருந்த தட்டுகளின் பூட்டு விட்டது; பெருநடுக்கம் வந்தது. 1999-இல் எடுத்த கடல்தரை அளவீட்டோடு நடுக்கத்துக்குப் பின் எடுத்ததை ஒப்பிட்டார்கள். அகழியோரத் தரை சுமார் 50 மீட்டர் கிழக்கே தள்ளப்பட்டிருந்தது, மேலேயும் எழும்பியிருந்தது. மறு ஆண்டு 'சிக்யூ' என்ற ஆய்வுக் கப்பல் ஏறத்தாழ 6,900 மீட்டர் நீருக்கடியில் துளையிட்டு, தட்டுகள் நழுவிய அந்தப் பிளவையே எட்டியது. அத்தனை பெரிய நகர்வு நடந்த அடுக்கின் தடிமன் 5 மீட்டருக்கும் குறைவு! வழுக்கும் களிமண். பசிபிக் தட்டு தன் நெடும்பயணத்தில் முதுகில் சேர்த்துக்கொண்டு வந்த வண்டல்தான் அது.

பூட்டு விட்டால் தட்டின் இழுவை கூடும்; வளைவில் பிளவுகளும் விழித்துக்கொள்ளும். 2011-இல் பெருநடுக்கம் முடிந்த 40 நிமிடத்திலேயே அகழிக்கு வெளியே 7-க்கு மேற்பட்ட அளவில் ஒரு நடுக்கம் வந்தது. 1896-இல் இதே கடலில் தட்டுகளின் உரசலில் பிறந்த சுனாமி ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்றது. அதற்கு 37 ஆண்டுகள் கழித்துத்தான் 1933-இன் நடுக்கம். ஜப்பான் இப்போது கடலடியில் கம்பிவடத்தால் கோத்து வைத்திருக்கும் 150 கண்காணிப்பு நிலையங்களில் ஒரு வரிசை அகழிக்கு அப்பால், அந்தப் படிகளுக்கு அருகே, இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.