கிணற்றுக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

முப்பத்திநாலு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஒருவர் கணக்கில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பேரேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, என் சொந்தக் கிணற்று விஷயத்தில் பயிரின் முகத்தைப் பார்த்தே விவசாயம் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலை 300 முல்லைச் செடிகள்.

எங்கள் நிலம் வேதாரண்யம் வட்டத்தில் இருக்கிறது. கடலிலிருந்து நாலு கிலோமீட்டர், மணல் மேடு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனதும், 70 அடிக்கு போர் போட்டு, மோட்டார் வைத்து, முல்லை நட்டேன். முதல் வருடம் நல்லா வந்துச்சு. இரண்டாம் கோடையில் இலை ஓரம் தீய்ந்தது போல ஆனது. சத்துக் குறைவு என்று நினைத்து பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். அதற்கு அடுத்த கோடையில் இன்னும் மோசம்.

பக்கத்துக் கொல்லை சித்தப்பா, எண்பது வயதுக்காரர், அப்போதே சொன்னார்: "தம்பி, குட்டைல மொண்டு ஊத்துன வரைக்கும் இது நல்ல தண்ணி பூமி. போர் போட்டுட்டு நிறுத்தாம இறைச்சா கரிக்கத்தான் செய்யும்." படித்தவன் அல்லவா, நான் காதில் வாங்கவில்லை.

அளக்க வந்த பிள்ளைகள்

அந்த மே மாதம், நிலவியல் படிக்கும் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் களப்பணிக்கு வந்தார்கள். கையில் அளவு டேப், தண்ணீர் பாட்டில்கள், பேனா மாதிரி ஒரு மீட்டர், ஒரு நோட்டு. "ஐயா, உங்க போர்ல தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். எடுத்துக்குங்க என்றேன்.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, பிறகு பிடித்து, மீட்டரை விட்டார்கள். 3.4 என்று காட்டியது. சித்தப்பாவின் குட்டை 200 அடி தள்ளித்தான் இருக்கிறது. அங்கே 0.6.

"பயிருக்கு நோய் எல்லாம் இல்லீங்க ஐயா, தண்ணியிலதான் உப்பு" என்றது அந்தப் பெண் பிள்ளை.

அந்த எண் மின்கடத்து திறன், அதாவது ஈ.சி. தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும், எண்ணும் கூடும். உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி பாசன நீரில் இது 0.7-க்குள் இருந்தால் பயமில்லை. 0.7 முதல் 3 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 3-ஐத் தாண்டினால் ஆபத்து. கடல் தண்ணீருக்கு சுமார் 50. இந்த அலகின் பெயர் டெசிசீமன்ஸ். சில மீட்டர்கள் மைக்ரோசீமன்ஸில் காட்டும். அதில் 1000 என்றால் இதில் 1.

ஐந்து மூட்டை உப்பு

எண்ணைக் கேட்டதும் என் வங்கிப் புத்தி கணக்குப் போட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஈ.சி. 1 என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு. ஈ.சி. 2 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 1.28 கிராம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். பெருக்கினால் 250 கிலோவுக்கு மேல். ஒரே ஒரு பாய்ச்சலுக்கு, 50 கிலோ மூட்டையில் ஐந்து மூட்டை உப்பை ஏக்கருக்கு இறைக்கிறோம்! தண்ணீரை வெயிலும் செடியும் எடுத்துக்கொள்ளும். உப்பு மண்ணிலேயே நிற்கும். மழை வந்து கரைத்து வேருக்குக் கீழே தள்ளினால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

வாடுகிறதே என்று நான் கூடுதலாகத் தண்ணீர் விட்டேனே, அது கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய கதை.

ஓர் அடிக்கு நாற்பது அடி

குட்டையில் நல்ல தண்ணீர், போரில் உப்புத் தண்ணீர். இது எப்படி?

மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம் என்றால், கடல் நீர் சுமார் 1025 கிராம். இந்தச் சின்ன எடை வித்தியாசம்தான் கடலோர விவசாயத்தையே தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நல்ல நீர் இருக்கும். டச்சுப் பொறியாளர் பாடன் கைபன் 1888-லும், வட கடல் தீவுகளின் கிணறுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பர்க் 1901-லும் தனித்தனியே கண்ட கணக்கு இது.

இதைத் திருப்பிப் படியுங்கள். நாம் இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழேயுள்ள உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலே வரப் பார்க்கும். ஒரே நாளில் வராது. நல்ல நீருக்கும் உப்பு நீருக்கும் நடுவே கோடு கிழித்தது போன்ற எல்லையும் கிடையாது, கலந்த நீர்தான் இருக்கும். ஆனால் திசை அதுதான். போதாததற்கு, போர் ஓடும்போது அதற்கு நேர் கீழே உள்ள உப்பு நீர் கூம்பு போல எழும்பி வரும். அகலமான, ஆழம் குறைந்த குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால் மேலே மிதக்கும் நல்ல நீர் மட்டுமே வரும். சித்தப்பா சொன்னதும் ஹெர்ட்ஸ்பர்க் சொன்னதும் ஒன்றுதான்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில், நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் சேர்த்து இறைத்ததில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அது படிப்படியாக எவ்வளவு தூரம் வந்தது என்பது தெரிந்தது, 1960-களிலிருந்து விஞ்ஞானிகள் அங்கே கிணறு கிணறாகப் போய் அளந்து வந்ததால்தான்.

எப்படி அளப்பது?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. அந்தக் கிணறு உங்கள் ஊரில் இருந்தாலும் உங்கள் கொல்லையில் இருக்காது. நம் கிணற்றை நாம்தான் அளக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் நான் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது:

1. கிணற்றின் விளிம்பில் ஓரிடத்தில் பெயிண்டால் குறி போடுங்கள். எப்போதும் அங்கிருந்தே தண்ணீர் வரை உள்ள ஆழத்தை அளக்க வேண்டும். எடை கட்டிய டேப் போதும்.

2. காலையில், மோட்டார் போடுவதற்கு முன் நீர்மட்டம் பாருங்கள். ஓடி நின்ற கிணறு பொய் சொல்லும்.

3. போரில் ஈ.சி. பார்க்க, மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள். குழாயில் தேங்கி நின்ற நீரை அளக்கக் கூடாது.

4. நாங்கள் அமாவாசை அன்று அளக்கிறோம். இதில் சாங்கியம் இல்லை. கடலோரக் கிணறுகளில் ஓதத்துக்கு ஏற்ப நீர்மட்டம் கொஞ்சம் ஏறி இறங்கும். அமாவாசைக்கு அமாவாசை ஓதம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதால், ஒரே மணிக்கு அளந்தால் ஒப்பிடலாம். நாளும் மறக்காது.

5. கடையில் விற்கும் டி.டி.எஸ். பேனாவும் ஈ.சி.யைத்தான் அளக்கிறது. அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அந்த எண் பேனாவுக்குப் பேனா மாறும். ஆகவே ஈ.சி. காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்து, அவர்கள் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள்.

6. தேதி, நேரம், நீர்மட்டம், ஈ.சி., அந்த மாத மழை, மோட்டார் ஓடிய மணி. ஆறு கட்டம் போட்ட ஒரு நோட்டு. இதுதான் பாஸ்புக்.

ஒரு வருடம் எழுதினால் உப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். நீர்மட்டம் இறங்கும்போது உப்பு ஏறி, மழைக்குப் பின் குறைந்தால் பெரும்பாலும் கீழிருந்து வருகிறது. மேல் தண்ணீர் அடித் தண்ணீரைவிட அதிகம் கரித்தால், பக்கத்தில் இறால் பண்ணையோ உப்பளமோ உப்பாறோ இருக்கிறதா என்று பாருங்கள். வருடம் முழுக்க அசையாமல் ஒரே எண் நின்றால், பழைய கடல் காலத்தில் களிமண்ணில் சிக்கிய உப்பாக இருக்கலாம். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். ஆனால் ஆய்வகக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

எண் சாட்சி சொல்லும்

நம் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகி, குடிநீரும் வயலும் கரிக்கின்றன என்று மக்கள் கதறிய காலம் உண்டு. காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் விஞ்ஞானிகளைக் களத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கியது. 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது, விளைநிலத்தைப் பண்ணையாக மாற்றக் கூடாது என்றது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து நிலைமையை மாற்றினார்கள் என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது, தண்ணீர் கரிக்கிறது என்ற புலம்பலுக்குக் கிடைக்காத இடம், அளந்து எழுதிய அறிக்கைக்குக் கிடைத்தது.

என்னிடம் அளந்த மாணவர்களின் ஆய்வு முடிவு இன்றுவரை எங்கள் ஊருக்கு வரவில்லை. அந்தப் பெண் பிள்ளை அன்றைக்கே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எண்களை எழுதிக் கொடுத்ததால் பிழைத்தேன். உங்கள் நிலத்துக்கு யார் அளக்க வந்தாலும் மரியாதையாக உதவுங்கள். ஆனால் எண்ணைக் கேட்டு வாங்காமல் அனுப்பாதீர்கள். கிணறு உங்களுடையது.

இப்போது

போரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. இரண்டு குட்டை வெட்டியிருக்கிறேன். மழைநீர் ஓடிவிடாமல் வரப்பை உயர்த்தினேன். ஆவியாவதைக் குறைக்க மூடாக்கு, மழைக்கு முன் தக்கைப்பூண்டு. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: தொழு உரமோ பஞ்சகவ்யாவோ உப்பைத் தின்றுவிடாது. மண்ணைப் பொலபொலப்பாக்கி, மழை உப்பைக் கழுவிக்கொண்டு இறங்க வழிவிடும், அவ்வளவுதான். கழுவுவது மழை.

3.4 ஆக இருந்த என் போர், போன மே மாதம் 2.1. சித்தப்பா குட்டையின் 0.6-க்கு அது வருமா என்று தெரியாது. முல்லை இருந்த இடத்தில் பாதிக்கு இப்போது தென்னங்கன்றுதான். ஆனால் ஊரில் 11 கிணற்றுக்கு நோட்டு போட்டுவிட்டோம். போன அமாவாசைக்கு சித்தப்பாவே டேப்பைப் பிடித்தார். "என்னடா தம்பி, என் குட்டை இருப்பு எவ்வளவு?" என்று கேட்டார்.

0.7 என்று எழுதினேன். 0.1 கூடியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் புதிதாக போர் போட இருந்த இரண்டு பேரை வரச்சொல்லி, நோட்டை அவர்கள் முன்னால் பிரித்து வைத்திருக்கிறோம்.