சுவரில் தொங்கும் சான்றிதழ்

மருந்தகமொன்றுக்குள் நுழைந்தால், காசாளர் மேசைக்குப் பின்னால் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதில் ஒரு பெயர் இருக்கும், பதிவு இலக்கம் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் அந்த நேரத்தில் கடைக்குள் இருக்கிறாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

எனது சான்றிதழும் இன்று எனது கடைச் சுவரில் தொங்குகிறது. ஆனால் அது முதன்முதலில் தொங்கியது வேறொருவரின் கடையில். அங்கே நான்கு மாதம் எனது பெயர் இருந்தது, நான் இருக்கவில்லை. அதற்காக மாதாமாதம் பணமும் வாங்கினேன். பெருமைக்குரிய கதையல்ல. ஆயினும், மருந்தகத் தொழிலில் முதலிட நினைக்கும் வர்த்தகர்களும், பிள்ளையை அத்துறையில் படிக்க வைக்கும் பெற்றோரும் அறிய வேண்டிய கதை என்பதால் எழுதுகிறேன்.

நான் அக்குறணையைச் சேர்ந்தவன். வாப்பாவுக்கு மாத்தளை வீதியில் ஒரு சிறிய புடவைக் கடை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தேன். ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. கடைக்கு வந்து அமரும்படி வாப்பா சொன்னார். எனக்கு மனமில்லை. பதிவு செய்யப்பட்ட மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தால், இலங்கை மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதிவு பெறலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். கண்டியில் ஒரு மருந்தகத்தில் பயிலுநராகச் சேர்ந்தேன். கிழமை நாட்களில் கடை, வார இறுதியில் கொழும்பில் வகுப்பு. கிடைத்த கொடுப்பனவு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரி. வகுப்புக் கட்டணத்துக்கு உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின.

2008இல் சித்தியடைந்தேன். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று வீட்டில் வட்டிலப்பம் செய்தார்கள். ஊரில் என்னைப் பார்ப்பவர்களின் பார்வையே மாறியது. நேற்றுவரை "புடவைக் கடைக்காரரின் மகன்", இன்று "டாக்டர் மாதிரி". கல்யாணத் தரகர்களும் வீட்டுப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

மாறாமல் இருந்தது ஒன்றுதான். அடகுக் கடன்.

வந்த வாய்ப்பு

கண்டியில் நான் பயின்ற கடையிலேயே வேலை கிடைத்தது. சம்பளம் 22,000 ரூபா. முதல் மாதம் முடிவதற்குள், இரண்டு மணித்தியாலப் பயணத் தூரத்திலுள்ள ஒரு நகரத்திலிருந்து ஒரு முதலாளி தேடி வந்தார். புதிதாக மருந்தகம் திறக்கிறாராம். அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு மருந்தாளரின் பெயர் வேண்டும்.

"தம்பி, நீங்க வந்து நிக்கத் தேவயில்ல. சேட்டிபிகேட்ட மட்டும் தாங்க. மாசம் 10,000 தாறேன். பரிசோதகர் வாற நாள்ல கோல் எடுப்பேன், வந்தாச் சரி."

சட்டம் எனக்குத் தெரியும். அப்போது நடைமுறையில் இருந்தது 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், உபகரணங்கள், ஒளடதங்கள் சட்டம். மருந்தகம் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் நேரடிப் பொறுப்பில் இயங்க வேண்டும் என்பது பரீட்சைக்கு நானே மனனமிட்ட பாடம். ஆனாலும் "எல்லோரும் செய்வதுதானே" என்று மனம் சொன்னது. 22,000 சம்பளக்காரனுக்கு இருந்த இடத்திலேயே 10,000 வருகிறது. சான்றிதழைக் கொடுத்தேன்.

அதைப் புடவைக் கடையில் கொஞ்ச நாள் மாட்டி வைக்க வாப்பாவுக்கு ஆசை. எங்கே என்று கேட்டார். வேலை செய்யும் கடையில் இருப்பதாகச் சொன்னேன். அதுவே நான் சொன்ன முதலாவது பொய்.

நான்கு மாதத்தில் 40,000 ரூபா. உம்மாவின் இரண்டு காப்புகளை மீட்டேன்.

அந்தத் தொலைபேசி அழைப்பு

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் காலை அந்த முதலாளியிடமிருந்து அழைப்பு. குரலில் பதற்றம். நீரிழிவு நோயாளியான ஒரு வயதான பெண்ணுக்கு டாக்டர் எழுதியிருந்தது மெட்போமின். கடையிலிருந்த பையன் கொடுத்திருந்தது மெட்ரோனிடசோல். இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குபவை. ஒன்று சீனியைக் கட்டுப்படுத்தும் மருந்து, மற்றது கிருமித் தொற்றுக்கானது. பெயர் மயக்கம் தரும் மருந்துகள் என்று வகுப்பில் முதலில் சொல்லித் தரும் சோடிகளில் இதுவும் ஒன்று. பையன் அந்த வகுப்புக்குப் போனவனல்ல. டாக்டரின் கையெழுத்தில் அவன் வாசித்தது முதல் மூன்று எழுத்துகளை மட்டுமே.

இரண்டு வாரமாக அந்தத் தாய் சீனி மருந்தென்று நம்பி வேறு மருந்தைக் குடித்திருக்கிறார். சீனி ஏறி, மயங்கி, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார்.

"தம்பி, உடன வாங்க. யாரும் கேட்டா அன்டைக்கு நீங்கதான் கடையில நின்டீங்க எண்டு செல்லுங்க. டாக்டர்ட எழுத்து வெளங்கல்ல எண்டு செல்லிச் சமாளிச்சிடலாம்."

பஸ்ஸில் போகும்போது அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. இருந்தேன் என்றால் பிழை என்னுடையது. இல்லை என்றாலும் பிழை என்னுடையதே. சுவரில் இருப்பது எனது பெயர்.

கடையில் அந்தத் தாயின் மகள் மருந்துப் பக்கற்றுடன் நின்றிருந்தார். சத்தம் போடவில்லை. சுவரைக் காட்டி, "இது நீங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்போ அன்டைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். கண்டியில் இருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். முதலாளியின் முகம் கறுத்தது. மருந்தின் பெயரை எழுதி, இதை வைத்தியரிடம் உடனே காட்டுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். பிறகு கதிரையில் ஏறிச் சான்றிதழைக் கழற்றினேன்.

அந்தத் தாய் குணமடைந்து வீடு திரும்பினார். இல்லாவிட்டால் இதை எழுதும் துணிவு எனக்கு வந்திருக்காது. மீட்ட காப்புகள் திரும்பவும் அடகுக்குப் போயின. 40,000 ரூபாவை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிரவு வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "மகன், புடவையில கிழிசல் ஈந்தா ஆள் திருப்பிக் கொண்டு வருவான். மருந்துல பிழை ஈந்தா ஆளே திரும்பி வரமாட்டான். இது நம்மட யாவாரம் மாதிரி இல்ல."

"இல்லை" என்று சொல்லும் தொழில்

வியாபாரி மகனாக வளர்ந்தவன் நான். வந்த வாடிக்கையாளரை வெறுங்கையுடன் அனுப்பாதே என்பது எங்கள் வீட்டுப் பாடம். மருந்தாளரான பின் நான் கற்ற பெரிய பாடம் அதற்கு நேர் எதிரானது. தேவையான இடத்தில் "இல்லை" என்று சொல்ல வேண்டும்.

2013இல் வாப்பாவின் உதவியோடு ஊரிலேயே சொந்தக் கடை திறந்தேன். முதல் வருடம் மிகக் கடினம். தடிமனுக்கு ஒரு கோர்ஸ் அன்டிபயோட்டிக் கேட்டு உறவினர்கள் வருவார்கள். டாக்டர் துண்டு வேண்டும் என்பேன். "சொந்தக்காரனுக்கே துண்டா?" என்று கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். சாச்சா ஒருவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ரமழான் நெருங்கினால், நோன்புக்கு ஏற்றவாறு சீனி மாத்திரையின் நேரத்தை மாற்றித் தரும்படி கேட்பார்கள். அதை நானாக மாற்றுவதில்லை. நோன்புக்கு முன்பே டாக்டரைச் சந்திக்கச் சொல்லி அனுப்புவேன்.

போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் வீட்டில் மூன்று டாக்டர்களின் மருந்துகள் சேர்ந்துவிட்டால், அவற்றை ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டு வருவார். ஒரே மருந்து இரண்டு வியாபாரப் பெயர்களில் இருப்பதைக் கண்டு, டாக்டரிடம் திருப்பி அனுப்பிய சந்தர்ப்பங்கள் உண்டு. அதற்கு நான் பணம் வாங்குவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் மாதாந்த மருந்து எனது கடையில்தான்.

கணக்குப் பக்கம்

வர்த்தகச் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்தகம் நல்ல இலாபம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். 850 ரூபாவுக்கு வாங்கிய மருந்துப் பெட்டியை 1,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள். இலாபம் 150. அதில் ஒரு பெட்டி காலாவதியாகிவிட்டால், இழந்த 850ஐ மீட்க இன்னும் ஆறு பெட்டி விற்க வேண்டும். புடவை விலைபோகாவிட்டால் கழிவு விலையில் தள்ளலாம். காலாவதியான மருந்தை ஒரு சதத்துக்கும் விற்க முடியாது, விற்கவும் கூடாது.

எனவே எங்கள் இறாக்கையில் முதலில் முடியும் திகதியே முன்னால் நிற்கும். புதிதாக வந்தது பின்னால் போகும். மாதம் ஒரு தடவை திகதிகளைப் பார்ப்பது கட்டாயம். திகதி முடிய முன்பே அறிவித்தால் மீளப் பெறும் முகவர்களும் உள்ளனர், பெறாதவர்களும் உள்ளனர். கொள்வனவுக்கு முன் அதைப் பேசிக்கொள்ள வேண்டும்.

விலையும் முழுக்க நம் கையில் இல்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2016 ஒக்டோபரில் 48 வகை மருந்துகளுக்கு உச்சபட்ச சில்லறை விலை நிர்ணயிக்கப்பட்டது. நோயாளிகளுக்கு அது பெரும் நிவாரணம். எங்களைப் போன்ற சிறிய கடைகளுக்கோ, கையிலிருந்த இருப்பைக் குறைந்த விலையில் விற்க வேண்டிய நிலை. கடனில் சரக்கெடுத்து நிரப்பியவர்கள் அப்போது தடுமாறினார்கள்.

2022இல் வந்த சோதனை

ரூபாவின் பெறுமதி சரிந்த 2022ஐ எந்த வியாபாரியும் மறக்கமாட்டார். மார்ச்சில் மருந்து விலை 29 சதவீதத்தாலும், ஏப்ரலில் 60 வகை மருந்துகளின் விலை 40 சதவீதத்தாலும் உயர அனுமதிக்கப்பட்டது. கடனுக்குச் சரக்குத் தந்த விநியோகத்தர்கள் கைக்காசு கேட்டார்கள். ஒரு மாத மருந்து வாங்கியவர்கள் மூன்று நாளைக்கு வெட்டித் தரச் சொன்னார்கள்.

பழைய இருப்பைப் பதுக்கி வைத்தால் கொள்ளை இலாபம் என்று ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மகளின் கேள்வி. பழைய விலை அச்சிட்டிருந்ததைப் பழைய விலைக்கே கொடுத்தேன். அதன் விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்துப் பெட்டி விற்ற காசுக்கு மீண்டும் பத்துப் பெட்டி வாங்க முடியவில்லை. முதல் சுருங்கியது. ஆகவே, வழமையான நோயாளிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதி, ஆளுக்கு ஒரு மாத அளவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். மருந்தல்லாத பொருட்களின் கொள்வனவை நிறுத்தி, அந்தப் பணத்தையும் மருந்துக்கே போட்டேன்.

மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். சூடும் ஆகாது, உறையவும் கூடாது. ஐஸ் பெட்டியில், ஐஸோடு நேரடியாகப் படாமல் துணி சுற்றி வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நானும் தம்பியும் மாறி மாறிக் கடையில் இருந்தோம். சான்றிதழ் மட்டும் தொங்கும் கடையில் அந்த வெப்பமானியை யார் பார்த்திருப்பார்?

முதலிட நினைப்பவர்களுக்கு

மருந்தகம் திறக்க விரும்பும் சகோதரர்களே, மருந்தாளரின் சம்பளத்தை வாடகை, மின்கட்டணம் போல முதலாவது செலவாகவே எழுதுங்கள். அதைத் தாங்காத கடையைத் திறக்காதீர்கள். அவர் இல்லாத நேரத்தில் டாக்டர் துண்டுக்கு மருந்து கொடுக்காதீர்கள். அவர் "கொடுக்க முடியாது" என்றால், வாடிக்கையாளருக்கு முன்னால் அவரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதிதாகப் படித்து வெளிவரும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. கடனும் குடும்பப் பொறுப்பும் இருக்கும் நேரத்தில்தான் அந்த வாய்ப்பு உங்களைத் தேடி வரும். தொகையைப் பார்க்க முன், அந்தக் கடையில் யார் மருந்து எடுத்துக் கொடுப்பார் என்று கேளுங்கள்.

உம்மாவின் காப்புகளை 2010இல் எனது சம்பளத்தில் மீட்டேன். வாப்பா இப்போது தனது கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அஸருக்குப் பின் எனது கடைக்கு வந்து அமருவார். சான்றிதழ் அவரது தலைக்கு மேல்தான் தொங்குகிறது. நான் தேநீர் குடிக்கப் போனால்கூட, துண்டோடு வருபவர்களிடம், "கொஞ்சம் இரிங்க, மகன் வரட்டும்" என்று சொல்லி அமர்த்தி வைப்பார். அவர்களும் இருக்கிறார்கள்.