பாட்டி காலத்து தையல் மிஷின் இறுகிப்போச்சா? எடைக்கு போடாதீங்க!

கடலூர்,
கடலூர் அருகே செம்மங்குப்பம் சுற்றுவட்டாரத்தில் வீசும் உப்புக்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் சிங்கர், உஷா போன்ற பழைய தையல் மிஷின்கள் கெட்டியான வார்ப்பு இரும்பு. அவை இறுகிப்போக பெரும்பாலும் காரணம், பிசினாக காய்ந்த எண்ணெய்தான்.

முதலில் ஊசியை கழற்றுங்க. பல்லுக்கு அடியிலும், ஷட்டிலிலும் சேர்ந்த பஞ்சை பிரஷ்ஷால் எடுங்க. எண்ணெய் ஓட்டைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைங்க. அடுப்பு பக்கம் வேண்டாம். தங்க நிற எழுத்தில் பட்டால் அழியலாம், உஷார்!

காலையில் சக்கரத்தை கையால் மெதுவா சுத்துங்க. அசையலையா? முரட்டுத்தனமா திருப்பாம, மறுபடி ஊற விடுங்க. சுத்தினதும் அழுக்கை துடைத்து மிஷின் ஆயில் விடணும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, திரும்ப பிசினாகிடும்.

முதலில் பழைய துணியில் தைத்து பாருங்க. எண்ணெய் கறை நின்ற பிறகே வாடிக்கையாளர் துணியை தொடணும்.