பக்கத்தில் உட்காருங்கள், போனைப் பிடுங்காதீர்கள்

திருச்சியில் பார்வையற்றவர்களுக்குக் கணினியும் செல்பேசியும் சொல்லித் தருகிறேன். எனக்கும் பார்வை கிடையாது. புதிதாக வருபவரிடம் கீபோர்டில் எஃப், ஜே விசைகள் மேல் உள்ள சின்ன மேட்டை விரலால் தேடச் சொல்வேன். அது பிடிபட்டால் மற்ற விசைகள் தாமாக வசப்படும். மவுஸ் எங்களுக்குத் தேவைப்படாது.

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் ஸ்க்ரீன் ரீடர். நான் கற்றுத்தரும் என்.வி.டி.ஏ.வை 2006-இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். அப்போது இருந்த ஸ்க்ரீன் ரீடர்களுக்குக் கணினியை விட அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் இலவசமாகக் கொடுத்தார். அது தமிழும் வாசிக்கும். இதே வேலையை ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் செய்யும், ஐபோனில் வாய்ஸ்ஓவர்.

இவ்வளவு இருந்தும் பல வீடுகளில் போன் சும்மா கிடக்கிறது. காரணம் பெரும்பாலும் பாசம்தான். சர்க்கரை நோயால் பார்வை போன ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மகனோடு வந்தார். டாக்பேக்கைப் போட்டதும் போனின் பழக்கமே மாறிவிடும். ஒரு முறை தொட்டால் பெயரை மட்டும் சொல்லும்; இரு முறை தட்டினால்தான் திறக்கும். அழைப்பு வந்தது. அவர் தடவித் தேடுவதற்குள் மகன், "குடுங்கப்பா, நான் எடுக்கறேன்" என்று வாங்கிவிட்டார். "தம்பி, போனை அப்பாகிட்டயே குடுங்க. ரெண்டு விரலால ரெண்டு தடவை தட்டினா போதும், அவரே எடுப்பாரு" என்றேன். மறுபடி மணி அடிக்கச் செய்து, அவர் எடுக்கும் வரை காத்திருந்தோம். எடுத்ததும் சத்தமாக "அலோ!" என்றார். அவர் எதிரிலேயே இருந்த மகன் போனில் பதில் சொன்னார்.

முதல் சில வாரங்கள் இப்படிப் பொறுமையாகக் கூடவே இருக்க ஒருவர் வேண்டும். பார்வையற்றவர்களுக்குக் கருவி வழங்கும் விழாக்களில் இதற்கு ஏற்பாடு இருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மாணவர்களுக்கு வேறு சிக்கல். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் இருக்கும் இடத்தில் ஸ்க்ரீன் ரீடருக்குக் கிடைப்பது 'ஜே கே பி ஓ செமிகோலன்'. தேர்வுக்கு முந்தின இரவு இப்படி ஒரு கோப்பு கைக்கு வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது. ஆசிரியர்கள் அதிலேயே தட்டச்சு செய்யலாம். பக்கத்தைப் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், எழுத்தைப் பிரித்தெடுக்க ஓ.சி.ஆர். வேண்டும், தமிழில் அது இன்னும் பிழை விடுகிறது.

பாடநூலை ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது காப்புரிமை மீறலோ என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக மாற்ற 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே இடம் தருகிறது. அப்படி மாற்றும்போது தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, வேர்டில் 'ஹெட்டிங்' என்று குறித்துக் கொடுங்கள். என்.வி.டி.ஏ.வின் உலாவல் முறையில் ஹெச் விசையைத் தட்டித் தட்டியே மாணவர் தனக்கு வேண்டிய பாடத்துக்குப் போய்விடுவார்.