அம்மாவின் பழைய லெதர் பை... வீட்டிலேயே புதுப்பிக்கலாம், அவசரப்படாமல்!

பூசணம் பிடித்துவிட்டது, நிறம் போய்விட்டது என்று ஒதுக்கி வைத்த தோல் கைப்பையை மீண்டும் தோளில் மாட்ட முடியுமா? முடியும். ஆனால் எதை, எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் பழைய பட்டுப்புடவைகளோடு ஒரு தோல் பையும் இருக்கும். அம்மா வேலைக்குப் போன காலத்தில் தினமும் மாட்டிச் சென்ற ஹேண்ட்பேக், அல்லது யாரோ கொல்கத்தா போனபோது வாங்கி வந்த, பூ வேலைப்பாடு கொண்ட சாந்திநிகேதன் பை. பாலிதீன் கவரைப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் தெரியும். ஓரங்கள் வெளுத்திருக்கும். கைப்பிடி கருத்து விறைத்திருக்கும்.

உடனே வீட்டில் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, 'தூக்கிப் போட்டுவிடு.' இன்னொன்று, 'தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வை, சரியாகிவிடும்.' இரண்டுமே வேண்டாம். நல்ல தோல் 40, 50 வருடங்கள்கூட உழைக்கும். அதை அதிகம் கெடுப்பது வயதல்ல, அவசரத்தில் நாம் செய்யும் கைவைத்தியம்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு சரியாகப் போகவில்லை என்றால் நாளைக்கு மறுபடி துடைக்கலாம். தோலுக்குள் இறங்கிய எண்ணெயையும் சாயத்தையும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் துடைப்பதில் தொடங்குங்கள். நிறம் பூசுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பல பைகளுக்கு அந்தக் கடைசி வேலை தேவையே இருக்காது.

முதலில், அது தோல்தானா?

நம் வீடுகளில் 'லெதர் பை' என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் ரெக்ஸினாகவே இருக்கும். ரெக்ஸின் என்பது துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு. அது பழையதானால் சருகு சருகாக உரியும். உரிந்த இடத்தில் அடியில் துணியின் நெசவு தெரியும். இதற்கு மருந்து கிடையாது. மேலே எதைப் பூசினாலும் பூச்சோடு சேர்ந்து அதுவும் உரிந்து வரும். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, காசு செலவழிக்க வேண்டாம்.

உண்மையான தோல் உரியாது. தேயும், வெடிக்கும், பஞ்சு பஞ்சாக நார் தெரியும். பையின் உள்மடிப்பு அல்லது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நெசவுக்குப் பதில் நார் நாராக இருந்தால் அது தோல். மேற்பரப்பில் உள்ள நுண்துளைகள் அச்சடித்ததுபோல் ஒரே சீராக இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதும் நல்ல அடையாளம். நெருப்பு வைத்துப் பார்க்கும் சோதனையெல்லாம் வேண்டாம்.

ஆவாரம் பட்டையா, குரோமியமா?

தோல் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கேள்வி அது எப்படிப் பதனிடப்பட்டது என்பது. இதைத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிக சிரமம் இல்லை. இரண்டு முறைகளுமே நம் ஊரில் பழக்கமானவை.

ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டு பதனிடுவது பழைய முறை. திண்டுக்கல், திருச்சி பகுதிகளில் இப்படித் தயாரான தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போனது. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இன்னொன்று, குரோமிய உப்பில் பதனிடும் முறை. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இயங்கிய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான்.

பட்டையில் பதனிட்ட தோலின் வெட்டிய ஓரம் பெரும்பாலும் உள்வரை பழுப்பாக இருக்கும். குரோமியத் தோலின் உட்பகுதி சாயம் ஏறாமல் இருந்தால் நீலச் சாம்பல் நிறத்தில் தெரியும். சாந்திநிகேதன் பைகள் போல அழுத்தி உருவம் பதித்தவை பெரும்பாலும் முதல் வகை. அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் கறை நிற்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. மூடியின் அடியில், வெளியே தெரியாத இடத்தில், விரல் நுனியால் துளி ஈரம் வையுங்கள். ஈரம் அப்படியே மேலே நின்றால், தோலின் மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறது. வீட்டில் வேலை செய்ய இது சுலபமான பை. உடனே உறிஞ்சிக் கருத்துப்போனால் பூச்சு இல்லை. ஈரம், எண்ணெய், சாயம் எதுவாக இருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் இரட்டிப்பு கவனம் தேவை.

பையைத் தொட்டதும் செம்மண் போன்ற பொடி விரலில் ஒட்டுகிறதா? பட்டையில் பதனிட்ட மிகப் பழைய தோல் உள்ளிருந்தே சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. அதை ஈரத்துணியால் துடைத்தால் கருத்து இறுகிவிடும். பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்வதே நல்லது.

பூசணமும் அழுக்கும்

பூசணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நிழலான இடத்தில், முகக்கவசம் அணிந்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். லைனிங்கை வெளியே இழுத்து அதையும் தட்டுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் லேசாக நனைத்துத் துடைக்கலாம். ஆனால் ஆல்கஹால் சில பைகளின் நிறத்தையே எடுத்துவிடும். மறைவான இடத்தில் சோதித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். இது எளிதில் தீப்பிடிக்கும்.

சாதாரண அழுக்குக்கு, ஒரு கப் தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு போதும். துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, சமையல் சோடா இரண்டையும் தோலின் மேல் போடக் கூடாது. தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. காரத்தன்மை கொண்ட பொருட்கள் அதை வறட்டி விறைக்க வைத்துவிடும்.

துடைத்ததும் பைக்குள் வெள்ளைத் துணியையோ வெள்ளைத் தாளையோ திணித்து, உருவம் கெடாமல் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெயிலும் ஹேர் டிரையரும் தோலைச் சுருக்கி வெடிக்க வைக்கும். பூசண வாடை போகவில்லையா? ஓர் அட்டைப் பெட்டிக்குள் பையை வைத்து, அதன் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவை வையுங்கள். பையின் மேல் படக் கூடாது. சில நாட்களில் வாடை குறையும்.

தேங்காய் எண்ணெய் ஏன் கூடாது?

தடவிய அன்று பை பளபளக்கும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் உள்ளே இறங்கித் தோலைத் திட்டுத்திட்டாகக் கருக்க வைக்கும், தூசியை இழுக்கும், நாளாக நாளாகச் சிக்கெடுத்த வாடை வரும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய்க்கும் இதே கதைதான். பிறகு நிறம் பூச நினைத்தாலும், எண்ணெய் இறங்கிய இடத்தில் சாயம் பிடிக்காது.

தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனர் கிரீமை வாங்குங்கள். பட்டாணி அளவு எடுத்து, துணியில் தடவி, வட்டமாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். விறைத்துப்போன கைப்பிடிக்கு ஒரே நாளில் நிறைய தடவுவதைவிட, சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தடவுவது நல்லது.

இந்தக் கட்டத்தில் ஒருநாள் பையைத் தள்ளி வைத்துவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போய்விட்டது என்று நினைத்த நிறத்தில் பாதி திரும்பியிருக்கலாம். வறட்சியும் அழுக்கும்தான் அதை மறைத்திருக்கும்.

தையலும் உலோகமும்

பிரிந்த தையலைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தாலே அழகாகத் தைத்துத் தருவார். பழைய துளைகளின் வழியாகவே கையால் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளைகள் போட்டால், ஏற்கெனவே தளர்ந்த தோல் கிழிந்துவிடும். ஜிப் ஓடவில்லை என்றால் பற்களின் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் ரன்னரை மட்டும் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

பக்கிள், வளையங்களைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். வேண்டாம். அவற்றில் பல பித்தளை முலாம் பூசியவை. தேய்த்தால் முலாம் போய்விடும். புளித்தண்ணீர் தோலில் பட்டால் கறையும் நிற்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

நிறம் பூசுவது எப்படி?

ஓரங்கள் வெளுத்து, கண்டிஷனருக்குப் பிறகும் நிறம் திரும்பவில்லை என்றால்தான் இந்த வேலை. தேவையானவை: தண்ணீரில் கரையும் லெதர் கலர், மேற்பூச்சு, மெல்லிய ஸ்பாஞ்ச், 800 எண் உப்புத்தாள், உலோகத்தை மறைக்க டேப், கையுறை. இவை ஆன்லைனில் கிடைக்கும். சென்னை பெரியமேடு போல் தோல் வியாபாரம் நடக்கும் இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

1. சொரசொரப்பான இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். ஆழமான கீறல் இருந்தால் லெதர் ஃபில்லரை மெல்லிய அடுக்குகளாக வைத்து, காயவிட்டு, மட்டமாகத் தேயுங்கள்.

2. பூச வேண்டிய இடத்தில் கிரீமின் பிசுக்கு இருக்கக் கூடாது. முன்பு சோதித்த ஆல்கஹால் கலவையால் அந்த இடத்தை மட்டும் துடைத்துக் காயவிடுங்கள்.

3. நிறத்தைக் கலந்து, பையின் அடியில் ஒரு பொட்டு வைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் நிறம் மாறித் தெரியும். ஒப்பிட்டுப் பார்ப்பதை டியூப்லைட்டில் அல்ல, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

4. அதே நிறம், அல்லது ஒரு சாயல் அடர்த்தி. கறுப்புப் பையை வெளிர் நிறமாக்கும் முயற்சி வீட்டில் சரிப்படாது.

5. ஸ்பாஞ்சைத் தொட்டுத் தொட்டு எடுங்கள், இழுத்துப் பூசாதீர்கள். மெல்லியதாக மூன்று நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே முறை தடிமனாகப் பூசினால், மடிப்புகளில் வெடிக்கும்.

6. கடைசியாக மேற்பூச்சு இரண்டு முறை. பழைய பைக்கு அதிகப் பளபளப்பு பொருந்தாது. மங்கலான வகையே இயல்பாக இருக்கும்.

ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டாத வரைக்கும் பையைப் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஷூ பாலிஷ் பூசக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். செருப்பு, ஷூ தரையோடு போய்விடும். தோளில் தொங்கும் பை நாள் முழுக்கத் துணியில் உரசும். வியர்வை பட்டால் பாலிஷ் இளகி உடையில் ஏறிவிடும்.

முதன்முறை செய்பவர்கள் நேராகப் பொக்கிஷத்தில் கை வைக்க வேண்டாம். கிழிந்த பர்ஸோ பழைய பெல்ட்டோ ஒன்றில் எல்லாக் கட்டங்களையும் செய்து பாருங்கள். பாம்பு, முதலைத் தோல் பைகள், விலை உயர்ந்த பிராண்டுகள், மென்மயிர் கொண்ட ஸ்வேட் வகை ஆகியவற்றை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுவது நல்லது.

எல்லாத் தழும்பும் போக வேண்டுமா?

நிறம் பூசும் முன் வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள். கைப்பிடியில் கருமை ஏறியிருக்கிறதே, அது ஒருவர் வருடக்கணக்கில் பிடித்த இடம். மூடியின் ஓரத்தில் உள்ள தேய்மானம், அவர் தினமும் திறந்த விரல்களின் அடையாளம். மகளுக்கு அது அழுக்காகத் தெரியாமல் போகலாம். பேத்திக்குக் கல்லூரிக்கு மாட்டிச் செல்ல ஒரு நல்ல பை வேண்டியிருக்கலாம். இரண்டு ஆசையும் நியாயமானவை. ஓரங்களுக்கு மட்டும் நிறம் கொடுத்து, கைப்பிடியை அப்படியே விட்டுவிடுவது பல வீடுகளில் இருவருக்கும் பிடித்த வழியாக இருக்கும்.

இனி கெடாமல் இருக்க...

* பாலிதீன் கவர் வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் வளரும். பழைய பருத்தித் தலையணை உறையே போதும்.

* உள்ளே வெள்ளைத் துணியைத் திணித்து நிமிர்த்தி வையுங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் பாரத்தில் இழுபடும்.

* சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு பைக்குள் இருக்கட்டும்.

* மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒருமுறை.

இவை எல்லாவற்றையும்விட நல்ல பராமரிப்பு, அவ்வப்போது பையை எடுத்துப் பயன்படுத்துவதுதான். அடிக்கடி கையில் எடுக்கும் பையில் பூசணம் தொடங்கினாலும் அன்றே கண்ணில் பட்டுவிடும்.