உங்களுக்குத் தெரியுமா? சர்வருக்கு ஏற்ற லினக்ஸ்

● பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர் வீட்டில் இலவச லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கலாம். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். பாஸை உருவாக்கியது சென்னை சி-டாக். முதல் வெளியீடு 2007.

● பாஸின் அடித்தளம் டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. இன்றும் அது எந்த கம்பெனிக்கும் சொந்தமில்லை, தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரங்களின் பெயரை வைப்பது வழக்கம். ஒவ்வொரு பதிப்புக்கும் மொத்தம் 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு.

● உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று பொருள். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் ‘எல்.டி.எஸ்.’ பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு. இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். சர்வரில் அவற்றைப் போடாதீர்கள்.

● ரெட்ஹாட் லினக்ஸின் இலவச மாற்றாக இருந்த சென்டாஸின் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். 2020 டிசம்பரில் பேச்சை மாற்றி, 2021 கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப வந்தவையே அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். இரண்டும் இலவசம்; ஒரு பதிப்புக்குச் சுமார் 10 ஆண்டு ஆதரவு. சென்டாஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராக்கி மெக்காவின் நினைவாக வைத்த பெயர் ராக்கி.

● உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

● 32 பிட் பழைய கணினியில் டெபியன் 13ஐப் புதிதாக நிறுவ முடியாது. அதற்கான நிறுவியை 2025இல் கைவிட்டுவிட்டார்கள். முதலில் பிராசசரைப் பாருங்கள்.

● திடீரென கரண்ட் போனாலும் ஃபைல் அமைப்பு குலையாமல் காப்பது ‘ஜர்னல்’ என்ற குறிப்பேடு. டெபியன், உபுண்டுவின் இ.எக்ஸ்.டி.4இலும் அல்மா, ராக்கியின் எக்ஸ்.எஃப்.எஸ்.ஸிலும் அது உண்டு. ஆனால், சேமிக்காத பில் திரும்பி வராது, யு.பி.எஸ். அவசியம். பழைய லேப்டாப்பை வீட்டு சர்வராக்கினால் பேட்டரியே யு.பி.எஸ். ஆகிவிடும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.

● ஆக, எதை எடுப்பது? வீட்டில் படம், பாட்டு, பேக்கப் வைக்க டெபியன். ஆபீஸில் உபுண்டு எல்.டி.எஸ். வாங்கிய சாஃப்ட்வேர் ரெட்ஹாட் கேட்டால் அல்மா அல்லது ராக்கி. இரண்டு சமமாகத் தோன்றினால், கோளாறு என்றால் உங்கள் ஊரிலேயே வந்து பார்க்க ஆள் இருப்பதை எடுங்கள். நிறுவும் அன்றே ஆதரவு முடியும் தேதியை எழுதி சர்வர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.